பாரிவாக்கத்தில் பேரி

பாரிவாக்கத்தில் பேரிக்காய் காய்க்காது. இதைச் சொல்ல விவசாயப் படிப்பு எதுவும் வேண்டாம். மே மாதத்து மத்தியானத்தில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய், காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு ஓடி வந்த எவரும் சொல்லிவிடுவார்கள். பாஸ்கரனுக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பெற்ற மகளிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னார்.

2016 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அகல்யா அவருடைய ஒரே மகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அதே கம்பெனியில் வேலை செய்த ஜஸ்டின் என்ற பையன் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்திருந்தான். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு கட்டைப்பை நிறையப் பேரிக்காய் கொண்டுவந்திருந்தார்கள். நீலகிரியில், அருவங்காட்டில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் காய்த்தது. முக்கால் மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் பாஸ்கரன் எழுந்து, அந்தப் பையை எடுத்து ஜஸ்டினின் அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அகல்யா உள்ளே போய் ஒரு தோள்பையோடு வந்து அவர்களுடன் படி இறங்கினாள். அப்போதுதான் அவள் முதுகைப் பார்த்து அவர் சொன்னார்:

“இந்த மண்ணுல பேரி காய்ச்சா, அன்னிக்கு என் வாசப்படி ஏறு. அதுவரைக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

அகல்யா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் பூந்தமல்லியில் பதிவுத் திருமணம் நடந்தது. அப்பாவும் போகவில்லை, அம்மாவும் போகவில்லை.

பையன் வேதக்காரன், அதுதான் பிரச்சினை என்று பாஸ்கரன் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். அது பாதிக் காரணம். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. ஆவடிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். அதே தொழிற்சாலைக்காரரான ஜஸ்டினின் அப்பா எந்த வரிசைக் குடியிருப்பில் இருந்தார், அந்த வரிசையில் யார் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆவடி டாங்கி தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனைப் பிரிவு. அளவில் மயிரிழை தவறினாலும் அந்த உதிரிபாகத்தின் மேல் சிவப்பு பெயின்ட்டை ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். ஒருமுறை பெயின்ட் அடித்ததை அவர் மறுபடி கையில் எடுத்துப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. ஃபோர்மேன்கள் கெஞ்சிப் பார்ப்பார்கள், டீ வாங்கிக் கொடுத்துப் பார்ப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு முடியாது என்பார். ‘ரிஜெக்ட் பாஸ்கரன்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வெட்கப்பட வேண்டிய பெயர்தான். மனிதர் அதை அரசாங்க விருது மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வேறு. ‘ஒட்டு பாஸ்கரன்.’ அருவங்காட்டில் இருந்தபோது ஒட்டுக் கட்டப் பழகியவர். கை அப்படி ஒரு கை. ஷேவிங் பிளேடால் வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, ஒட்டுக்குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி, பச்சைத் தோலோடு பச்சைத் தோல் பொருந்தும்படி செருகி, பாலிதீன் நாடாவால் சுற்றி, மேலே குச்சி ஐஸ் கவரை மாட்டிவிடுவார். பத்துக்கு எட்டு பிடிக்கும். பாரிவாக்கத்தில் ஒன்றரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டியபோது, வீட்டுக்கு விட்ட இடத்தைவிட மரத்துக்கு விட்ட இடம்தான் அதிகம். வாசல் பக்கம், குடிவருவதற்குப் பல வருடம் முன்பே நட்டிருந்த ஒரே மாமரத்தில் பங்கனப்பள்ளி, ருமானி, செந்தூரா, நீலம் என்று நாலு ரகம் காய்த்தது. பார்க்க வருபவர்களிடம் ஒவ்வொரு கிளையாகத் தொட்டுக் காட்டுவார்.

நாற்பது நாளில் கோபம் வடிந்துவிட்டது. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும் அகல்யாவின் ஸ்கூட்டி சத்தம் இல்லாமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்துக்கு டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தார். மகளை நினைத்து ஏங்கினார், அவ்வளவுதான் விஷயம். ஏங்குகிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல மட்டும் வரவில்லை.

“ஒரு போனைப் போடுங்க. மிச்சத்த அவ பாத்துப்பா,” என்றாள் அவர் மனைவி சுதா.

“சொன்னா சொன்னதுதான்.”

“சரி, அப்ப பேரிக்காவக் காய்க்க வைங்க. அந்த வித்தைதான் உங்களுக்குத் தெரியுமே.”

எரிச்சலில் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பாஸ்கரன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போதே கணக்குப் போட்டுவிட்டார். பேரி காய்த்தால் வார்த்தையும் கெடாது, மகளும் வருவாள். பூந்தமல்லிப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருப்பவளை வீட்டுக்கு வரவழைக்க, ஒரு மனிதன் இமயமலைப் பக்கத்து மரத்தைச் செங்கல்பட்டுச் சீமை வெயிலில் வளர்க்கப் புறப்பட்டான். வீம்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த டிசம்பரில் வர்தா புயல் அடித்தது. நாலு ரக மாமரம் வேரோடு சாய்ந்தது. அழுதுகொண்டு நிற்பார் என்று சுதா நினைத்தாள். அவரோ கிளைகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, அந்தக் குழியையே இன்னும் அகலமாக வெட்ட ஆரம்பித்தார். பேரிக்கு இடம் கிடைத்துவிட்டது.

அருவங்காட்டில் அவருடன் வேலை பார்த்த ரவிச்சந்திரன் அங்கேயே தங்கிவிட்டவர். அவரிடம் சொல்லி நாட்டுப் பேரி நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் வரவழைத்தார். நாட்டுப் பேரி வேருக்கு மட்டும்தான். காய் சின்னது, வாயில் வைத்தால் துவர்க்கும், ஆனால் வேர் எந்த மண்ணிலும் பிழைக்கும். மேலே என்ன ரகத்தை ஒட்டுவது என்பதில்தான் சூட்சுமம். பேரி ரகங்களில் பெரும்பாலானவை பனி விழும் ஊர்க்காரர்கள். குளிர்காலம் முழுக்க உறங்கி எழுந்தால்தான் பூக்கும். குளிரை அதிகம் கேட்காத ரகமாகத் தேடினார். நீலகிரியில் கிடைக்கும் கீஃபர் ஒன்று. பஞ்சாப் சமவெளியில், வெயில் கொளுத்தும் ஊர்களில் காய்க்கும் பத்தர்நாக் இன்னொன்று. பத்தர் என்றால் இந்தியில் கல். பெயருக்கேற்றபடி கடித்தால் கல்லுக் கல்லாக இருக்கும் காய். பதான்கோட்டுக்கு அலுவலாகப் போன மனோகரன் என்ற பழைய சகாவிடம் சொல்லி, அதன் குச்சிகளை நனைத்த செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரச் செய்தார். 2018 பொங்கலுக்கு மறுநாள் ஒட்டுக் கட்டினார். பதினாறு கட்டியதில் ஐந்து பிடித்தன. கோடை முடியும்போது இரண்டு மிஞ்சின. கிழக்கே ஒரு கீஃபர், மேற்கே ஒரு பத்தர்நாக்.

அந்த இரண்டு கன்றுகளுக்கும் நடந்த உபசாரத்தைப் பார்த்தால் பெற்ற பிள்ளைக்கு நடக்குமா என்று கேட்கத் தோன்றும். நடக்கவில்லை, அதுதான் விஷயம். நிழல் வலை போட்டார், வேப்பம் புண்ணாக்கு வைத்தார், காலையில் ஒரு முறை சாயங்காலம் ஒரு முறை தண்ணீர் விட்டார். கன்றுகள் தளதளவென்று வளர்ந்தன. மூன்று வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டின. ஒரு பூ இல்லை.

அகல்யா இதற்குள் முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றில் குடிவந்திருந்தாள். பாரிவாக்கத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை சுதா, “கோயிலுக்குப் போயிட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவாள். டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் பக்தை இந்தச் சென்னையில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பாஸ்கரனும் எந்தக் கோயில் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் கொய்யா பழுத்திருந்தால், நல்லதாகப் பத்துப் பொறுக்கி அவள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

2020 ஊரடங்கில் பேத்தி பிறந்தாள். சுதாவின் போனில் படம் வந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். காது அப்படியே அவருடைய காது, மேல் விளிம்பு மடங்கியது. அதற்கப்புறம்தான் அவருக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. பிள்ளை நடக்க ஆரம்பிப்பதற்குள் மரம் பூக்க வேண்டும் என்று நினைத்தார்.

எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் வெங்கட் என்று ஒரு ஐ.டி. பையன் இருந்தான். வீட்டிலிருந்தே வேலை, பால்கனியில் நின்று வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது. ஒருநாள் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னான்.

“அங்கிள், ஏழு டிகிரிக்குக் கீழ நூத்தைம்பது மணி நேரமாவது இருந்தாதான் பூக்குமாம். நம்மூர்ல ஃப்ரிட்ஜுக்குள்ள நட்டாதான் உண்டு. இல்ல, ஐஸை வாங்கிக் கொட்டுங்க.”

விளையாட்டுக்குச் சொன்னது. வெங்கட் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறான். 2021 ஜனவரியில் பாஸ்கரன் அம்பத்தூரிலிருந்து குட்டியானை வண்டியில் ஐஸ் பார் வரவழைத்தார். உமியும் சாக்கும் போட்டு, முதலில் கீஃபர் மரத்தைச் சுற்றி அணை மாதிரி அடுக்கினார். ஒன்றில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவோம் என்பது தொழிற்சாலைப் பழக்கம். பதினெட்டு நாள் அடுக்கினார். தெருவில் போகிறவர்கள் நின்று, வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மரம் உறங்கவில்லை. இலையின் ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாகி உள்ளே சுருண்டது. பத்தொன்பதாம் நாள் ஒரு துண்டு ஐஸை எடுத்து நாக்கில் வைத்தார். கரித்தது. ஐஸ் வார்க்கும் தகர டப்பாவைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஓடும். டப்பாவில் ஓட்டை இருந்தால் உப்பு உள்ளே இறங்கிவிடும். அந்தப் பாரைக் குடிக்கக் கொடுக்க மாட்டார்கள், மீனுக்கென்று மலிவாகத் தள்ளிவிடுவார்கள். ஆயுள் முழுக்க அடுத்தவர் செய்த பொருளை அளந்து அளந்து தள்ளியவர், தான் வாங்கியதை அன்றுவரை நாக்கில்கூட வைத்துப் பார்த்திருக்கவில்லை. வண்டி வண்டியாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினார். மார்ச்சில் கீஃபர் பட்டுப்போனது. அதைப் பிடுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்ததைச் சுதா பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அந்த வருடம் ஜூலையில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டே தோட்டத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பத்தர்நாக் மரத்தின் உட்கிளையில், இலைக்குப் பின்னால், ஒரு பேரிக்காய் தொங்கியது. கிட்டே போனார். மஞ்சள் தோல், வழவழப்பு, கழுத்து நீண்ட காய். காம்பில் வெள்ளைத் தையல் நூல்.

சமையலறை ஜன்னலில் சுதா நின்றுகொண்டிருந்தாள். பூந்தமல்லி மார்க்கெட்டில் தேடி வாங்கி, விடியற்காலையில் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டியிருக்கிறாள். மூட்டு வலிக்காரி. அந்தக் காயை அவர் பார்த்துவிட்டு, “காய்ச்சிருக்கு, வரச் சொல்லு,” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள் என்று நம்ப அவள் ஆசைப்பட்டாள்.

பாஸ்கரன் நூலை அறுத்தார். காயைக் கொண்டுவந்து சமையல் மேடைமேல் வைத்தார்.

“இது பத்தர்நாக் இல்ல. பத்தர்நாக் பச்சையா, உருண்டையா, மேலெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும்.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா ஏன் கட்டின?”

சுதா கத்தியை எடுத்தாள். காயை நறுக்கி, தான் ஒருத்தியாகவே நின்றபடி தின்றாள். மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வருவது மரம் வளர்த்ததற்காக இல்லை, ஐஸ் அடுக்கியதற்காகவும் இல்லை. ஒருத்தி வலிக்கிற காலோடு ஸ்டூலில் ஏறி அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தாள், மனிதர் அதில் ரகம் சரியில்லை என்று சொன்னாரே, அதற்காகத்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தோட்டத்தில் ஒரு வாரம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கொய்யாவும் எலுமிச்சையும் அழுகின. பத்தர்நாக் பிழைத்தது. மறு வருடமும் இலை இலையாக விட்டதே தவிரப் பூக்கவில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் குத்தகை நிலத்தில் கொய்யா போட்டிருந்தவர் துலுக்கானம். அறுபத்தைந்து வயது, பரம்பரையாகப் பாரிவாக்கத்துக்காரர். வெள்ளத்தில் செத்த கொய்யாவுக்குப் பதில் கன்று கொடுக்க வந்தவர், பேரி மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னா சார், இத்தினி வருசமா இதுக்கு மூணு வேளயும் சோறு ஊட்டிகினு கீறியா? அது நல்லா துன்ட்டு ஜாலியா கீது. கொய்யாவ நாங்க இன்னா பண்ணுவோம்? கெளய வளச்சிக் கட்டுவோம், எலய உருவி உட்ருவோம், தண்ணிய நிறுத்திருவோம். செத்துப் பூட்டோம்டான்னு அதுக்கு ஒரு பயம் வரணும் சார். அப்பதான் பூ உடும்.”

“பேரிக்கு அது சரியா வருமா?”

“எனக்கு இன்னா தெரியும்? நான் இத்த கடேல தான் பாத்துகிறேன்.” துலுக்கானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுவரை போய்த் திரும்பினார். “ஆனா ஒண்ணு சார். மொகப்பேருக்கு இங்கேர்ந்து பஸ்ஸு கீது. பத்து நிமிசத்துக்கு ஒண்ணு.”

ஊருக்கே தெரிந்திருந்தது. பஸ்ஸைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு, பாஸ்கரன் மற்றதை அப்படியே செய்தார். மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்தினார். கிளைகளைக் கயிறு கட்டி வளைத்து, செங்கல்லைத் தொங்கவிட்டார். 2025 பொங்கல் வாரத்தில், ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு இலையாக உருவினார். மொட்டை மரமாக நின்றது. பிப்ரவரி கடைசியில் வளைந்த கிளையொன்றில் ஒரு கொத்து வெள்ளைப் பூ. ஏழு பூ. பழைய வாட்டர் கலர் பிரஷ்ஷை வைத்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் தடவினார். ஏழில் மூன்று பிஞ்சாயின. மூன்றில் ஒன்று நின்றது.

அந்த ஒன்றுக்கு வலைப்பை போட்டார், அணிலுக்குத் தகரம் கட்டினார். மே மாதம் முழுக்க மத்தியானங்களில் அதற்கு நேராகக் குடையைக் கட்டி வைத்தார். ஜூன் பிறந்ததும் சாப்பாட்டு மேசைக்கு இன்னொரு நாற்காலி வாங்கினார். குழந்தை உட்கார உயரமானது. சுதா அந்த நாற்காலியைத் துடைத்து, மேசையிலிருந்து தள்ளிச் சுவரோரமாக வைத்தாள்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, காய் முற்றிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். பச்சை, உருண்டை, மேலெல்லாம் புள்ளி. உரைகல்லில் வைத்தாலும் பத்தர்நாக்தான். சுதா முகப்பேருக்குக் கிளம்பப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

“இரு. நான் பேசறேன்,” என்றார். மகளின் எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஒன்பது வருடமாக ஒருமுறையும் அழுத்தாத எண்.

கூடத்தில் நின்று போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

“அகல்யா. அப்பா பேசறேம்மா.”

“சொல்லுங்கப்பா. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா, நல்லா இருக்கா. இங்க... பேரி காய்ச்சிருக்கு.”

“என்னது?”

“பேரிம்மா. நம்ம தோட்டத்துல. காய்ச்சிருச்சு. இன்னிக்கே வந்துடு. மாப்பிள்ளையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வா. அன்னிக்கு நான் சொன்னேன் இல்ல, பேரி காய்ச்சா வாசப்படி ஏறுன்னு.”

“அப்படியா சொன்னீங்க?” அவள் குரலில் நடிப்பு இல்லை, யோசித்துப் பார்க்கிற குரல்தான். “ஆமா, கடைசியா ஏதோ கத்தினீங்க. அதுக்காகவா மரம் வெச்சீங்க? அம்மா சொல்லுவாங்க, அப்பா என்னமோ பேரி பேரின்னு இருக்காருன்னு. பொழுதுபோக்குன்னு நெனச்சேன்.”

“ஒன்பது வருஷம்மா.”

“கோவத்துல யாரு என்ன சொன்னாலும் நான் வெச்சுக்க மாட்டேன்பா. நான் வராதது அதுக்கு இல்ல.”

“வேற எதுக்கு?”

“நெஜமாவே தெரியலையாப்பா?”

அவர் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தார்.

“அன்னிக்கு உங்களுக்கும் எனக்கும் எவர்சில்வர் தம்ளர்ல காபி. அவருக்கும் அவங்க அப்பாவுக்கும் பேப்பர் கப்பு. குடிச்சு முடிச்சதும் அவங்க அப்பா அத கையிலேயே கசக்கி வெச்சுக்கிட்டு, எங்க போடறதுன்னு தெரியாம முக்கா மணி நேரம் உக்காந்திருந்தாரு. போகும்போது பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போனாரு. பெரியவரு அதப் பத்தி இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசினது இல்லப்பா.”

“தம்ளர் பத்தலம்மா அன்னிக்கு.” பாஸ்கரனின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

“நாலு பேருக்கா?” அகல்யா கோபப்படவில்லை. “பத்தலன்னா நீங்க அந்தக் கப்புல குடிச்சிருக்கலாமேப்பா.”

பின்னால் குழந்தை எதையோ கேட்டு அழைப்பது கேட்டது. யாரும்மா போன்ல என்று கேட்டது. தெரிஞ்சவங்க என்றாள் அகல்யா. அப்புறம், “பாப்பா கூப்பிடறா, வெச்சிடறேன்பா. அம்மாவ வெயிலுக்கு முன்னாடி கெளம்பச் சொல்லுங்க,” என்று வைத்துவிட்டாள்.

பாஸ்கரன் போனைப் பிடித்தபடியே திரும்பினார். சுதா அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளிடம் ஒரு சாட்சி கேட்கும் பரிதாபத்தோடு அவர் சொன்னார்:

“தம்ளர் பத்தலதானே அன்னிக்கு? குவார்ட்டர்ஸ்லேர்ந்து வந்த மூட்டைய இன்னும் பிரிக்காம இருந்தோமே.”

“அன்னிக்குக் காலைல கடைக்குப் போய் அம்பது கப்பு வாங்கிட்டு வந்தது யாரு?”

அவர் சோபாவில் உட்கார்ந்தார். வாங்கியது ஞாபகம் வந்தது. பாக்கெட்டைக் கையில் கொடுத்து, அவங்களுக்கு இதுல கொடு என்று தாழ்ந்த குரலில் சொன்னதும் ஞாபகம் வந்தது. அப்போது அவருக்குக் கோபமே இல்லை, நிதானமாகத்தான் இருந்தார். கத்தியதை ஒன்பது வருடம் மறக்காமல் வைத்திருந்தவருக்கு, இது ஒரு தப்பு என்றே ஒருநாளும் தோன்றியிருக்கவில்லை.

“தெரிஞ்சிருந்தும் நீ ஏன் இத்தன வருஷமா எங்கிட்ட சொல்லல?”

சுதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

“எந்த வாயால சொல்லச் சொல்றீங்க? அதுல காபிய ஊத்திக் கொடுத்தது நான்தானே. மீதி நாப்பத்தெட்டு கப்பும் பரண்மேல அப்படியே இருக்கு. தூக்கிப் போடலாம்னு எத்தனையோ தடவ ஏறினேன். கையில எடுக்க முடியல.”